கணக்கைக் காட்டாத கை

    

'உலக அரசியலை நடத்துவது வெளியே தெரிகிற கையா, மறைவிலே இருக்கிற கையா?' என்பது தலைப்பு. 'மறைவிலே இருக்கிற கையே' என்று பேசும்படி எனக்கு உத்தரவு.

எனக்கு முன்னாலே பேசிய எதிரணிச் சகோதரி ஒரு போடு போட்டார். "மறைவான கை, சதி, சூழ்ச்சி எல்லாம் டீக்கடைக் கதை. ஓட்டுப் போடுகிற விரல்தான் நிஜம்" என்றார். நீங்கள் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். ஏன் தெரியுமா? டீக்கடைக் கதையைப் பற்றி அவர் சொன்னதிலே பாதி உண்மை இருக்கிறது.

எங்க பெரியப்பா ஒருத்தர் இருந்தார். மழை பெய்யலைன்னா, "இது அமெரிக்காக்காரன் வேலைடா" என்பார். கூடுதலாப் பெய்ஞ்சா, "ரஷ்யாக்காரன் வேலை". கோழி முட்டை போடலைன்னாகூட அவருக்கு சி.ஐ.ஏ. மேலேதான் சந்தேகம். ஒருநாள் நான் கேட்டேன்: "பெரியப்பா, நீங்க எட்டாங்கிளாஸ்லே மூணு தடவை பெயில் ஆனீங்களே, அது யார் வேலை?" கொஞ்சங்கூட யோசிக்காம சொன்னார்: "அதுலே உங்க தாத்தாவுக்குப் பங்கு இருக்குடா!" (சிரிப்பு)

நான் பெரியப்பா கட்சி இல்லை. நான் சரித்திரப் பாடம் நடத்துகிற வாத்தியார். யாராவது என்னிடம் 'சதி' என்று சொன்னால் மூன்று கேள்வி கேட்பேன். பெயர் என்ன? தேதி என்ன? ரசீது எங்கே? மூன்றுக்கும் பதில் இருந்தால் அது சரித்திரம். இல்லாவிட்டால் அது பெரியப்பா!

நடுவர் அவர்களே, மூன்றுக்கும் பதில் உள்ள ஒரே ஒரு கதையை இன்றைக்குக் கொண்டு வந்திருக்கிறேன். நாடு, ஈரான். பொருள், எண்ணெய்.

கதை 1901-லே ஆரம்பிக்கிறது. அந்த வருஷம் மே மாதம், அன்றைய பாரசீகத்து மன்னர் முசாபர் அல்-தீன் ஷா ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறார். எழுதி வாங்கியவர் வில்லியம் நாக்ஸ் டார்சி. ஆஸ்திரேலியாவிலே தங்கச் சுரங்கத்தில் பணம் சேர்த்த மனிதர். சாகும்வரை ஈரான் மண்ணிலே கால் வைக்காதவர். அவருக்கு 60 வருஷத்துக்கு எண்ணெய் உரிமை. எவ்வளவு நிலத்துக்கு? சுமார் 12 லட்சம் சதுர கிலோமீட்டர். நம்ம தமிழ்நாட்டைப் போல ஒன்பது மடங்கு! கொடுத்த விலை? 20,000 பவுன் ரொக்கம், 20,000 பவுனுக்குப் பங்குப் பத்திரம். அப்புறம், வருஷா வருஷம் நிகர லாபத்தில் 16 சதவீதம்.

இந்த 'நிகர லாபத்தில்' என்கிற வார்த்தையைக் கொஞ்சம் கவனியுங்கள். எதிரே விவசாயக் குடும்பத்துக்காரர்கள் நிறைய இருக்கிறீர்கள். நிலத்தைக் குத்தகைக்கு விடுகிறீர்கள். செலவு போக மிஞ்சுவதிலே இத்தனை பங்கு என்று பேச்சு. களத்துமேட்டிலே நெல்லை அளக்கிறார்கள். நீங்கள் போய்ப் பார்க்கப் போனால், "அதெல்லாம் நீங்க வரக்கூடாது. கண்டுமுதல் எவ்வளவு, செலவு எவ்வளவுன்னு நாங்களே சொல்லி அனுப்புறோம். வீட்லே இருங்க" என்றால் எப்படி இருக்கும்? அளக்கிறவனும் அவன், கணக்கு எழுதுகிறவனும் அவன், பங்கு பிரிக்கிறவனும் அவன்! ஈரானுக்கு நடந்தது இதுதான்.

எண்ணெய் லேசிலே கிடைக்கவில்லை. டார்சியின் பணம் கரைந்து போனது. 1905-லே கை கொடுத்தது யார்? பர்மா ஆயில் கம்பெனி. பெயரைக் கேட்டதும் பெரியவர்களுக்கு ஒரு நினைவு வரும். அந்தக் கம்பெனியும் ஷெல் கம்பெனியும் 1928-லே இந்தியாவிலே சேர்ந்து வியாபாரம் செய்ததுதான் பர்மா ஷெல். எங்க பாட்டி அரிசி கொட்டி வைத்திருந்த பழைய மண்ணெண்ணெய் டின்னிலே அந்தப் பெயர் இருந்தது. 1976-லே அது நம்ம அரசாங்கத்துக்கு வந்து, அப்புறம் பாரத் பெட்ரோலியம் ஆனது. ஆக, இந்தக் கதையின் ஒரு நுனி எங்க வீட்டுப் பரண்வரை வந்திருக்கிறது.

1908 மே 26. மஸ்ஜித் சுலைமான் என்கிற இடத்திலே எண்ணெய் பீறிட்டு அடித்தது. அடுத்த வருஷமே ஆங்கிலோ-பெர்சியன் ஆயில் கம்பெனி பிறந்தது. 1914-லே பிரிட்டிஷ் கடற்படை நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாறிக்கொண்டிருந்த சமயம். கடற்படை மந்திரி வின்ஸ்டன் சர்ச்சில். அவர் முன்னின்று, 20 லட்சம் பவுனுக்கு மேலே கொடுத்து, கம்பெனியின் 51 சதவீதத்தை பிரிட்டிஷ் அரசாங்கமே வாங்கியது. அது பாராளுமன்றத்திலே பேசி ஓட்டெடுத்து நடந்த காரியம். கூடவே கடற்படைக்கு 20 வருஷம் எண்ணெய் தர இன்னொரு ஒப்பந்தம். அது ரகசியம்! வெளியே தெரிகிற கை ஒன்று, மறைவிலே இருக்கிற கை ஒன்று. இரண்டும் ஒரே உடம்பிலே!

இன்னொரு காட்சி. 1928. ஸ்காட்லாந்திலே அக்னகாரி என்று ஒரு கோட்டை. மூன்று பெரிய மனிதர்கள் 'வேட்டையாட' வருகிறார்கள். ஷெல் கம்பெனியின் டெட்டர்டிங், அமெரிக்க ஸ்டாண்டர்ட் ஆயிலின் டீகிள், ஆங்கிலோ-பெர்சியனின் காட்மன். பறவை எத்தனை விழுந்ததோ, எனக்குத் தெரியாது. ஆனால் உலகச் சந்தையிலே அவரவர் பங்கு இப்போது இருக்கிறபடியே இருக்கட்டும், ஒருத்தரோடு ஒருத்தர் போட்டி போட வேண்டாம் என்று ஒரு ஒப்பந்தம் விழுந்தது! பல வருஷத்துக்கு வெளியே தெரியாது. 1952-லே அமெரிக்க அரசாங்கத்தின் வர்த்தகக் கமிஷன் அறிக்கையிலேதான் முழுசாக வந்தது. வேட்டைக்குப் போனவர்கள் சரி. வேட்டையாடப்பட்டது யார்? விளக்குக்கு எண்ணெய் வாங்கின வீடுகள்! (கைதட்டல்)

சரி, ஈரானுக்கு வருவோம். அபதான் துறைமுகத்திலே கம்பெனி கட்டிய சுத்திகரிப்பு ஆலை உலகத்திலேயே பெரியதாக வளர்ந்தது. அதன் நிழலிலே தொழிலாளிகள் குடியிருந்த ஒரு சேரிக்கு 'காகசாபாத்' என்று பெயர். 'காகிதப் பட்டணம்' என்று அர்த்தம். ஒரு பக்கம் உலகத்திலே பெரிய ஆலை, இன்னொரு பக்கம் காகிதப் பட்டணம்!

1950 வாக்கிலே கணக்கு என்ன தெரியுமா? அந்தக் கம்பெனி பிரிட்டிஷ் அரசாங்கத்துக்குக் கட்டிய வருமான வரி, எண்ணெய்க்குச் சொந்தக்காரனான ஈரானுக்குக் கொடுத்த பங்கைவிட அதிகம். அதே 1950 டிசம்பரிலே பக்கத்து சவூதி அரேபியாவிலே அமெரிக்கக் கம்பெனி ஆளுக்குப் பாதி என்று ஒத்துக்கொண்டது. ஈரான்காரர்கள் என்ன கேட்டார்கள்? நியாயமான பங்கு, அதோடு "கணக்குப் புத்தகத்தை நாங்களும் பார்க்கணும்." கம்பெனி காட்ட மறுத்தது. நான் சொல்கிறேன், அன்றைக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டியிருந்தால் அப்புறம் நடந்ததிலே பாதி நடந்திருக்காது.

அப்போது எழுந்து நின்றவர்தான் முகமது மொசாடெக். சுவிட்சர்லாந்திலே சட்டம் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவர். எழுபது வயதை நெருங்கிய மனிதர். பேசும்போது அழுவார், சிலநேரம் மயங்கி விழுவார். பைஜாமாவோடு கட்டிலிலே படுத்தபடியே வெளிநாட்டுத் தூதர்களைச் சந்திப்பார். ஆனால் எண்ணெய் விஷயத்திலே மட்டும் அசையாத மலை! 1951 மார்ச்சிலே ஈரான் பாராளுமன்றம் எண்ணெயை நாட்டுடைமை ஆக்க ஓட்டளித்தது. ஏப்ரல் கடைசியிலே அவரையே பிரதமராகவும் தேர்ந்தெடுத்தது.

பிரிட்டன் என்ன செய்தது? வெளியே தெரிகிற கையாலே எல்லாம் செய்து பார்த்தது. ஈரான் எண்ணெயை யாரும் வாங்காதபடி தடுத்தது. 1952-லே 'ரோஸ் மேரி' என்ற கப்பல் எண்ணெய் ஏற்றிக்கொண்டு போனபோது, அதை ஏடன் துறைமுகத்துக்குத் திருப்பி மடக்கியது. ஐக்கிய நாட்டு சபைக்குப் போனது. ஹேக் நகரத்து உலக நீதிமன்றத்துக்கும் போனது. அங்கே நடந்ததைக் கேளுங்கள். 1952 ஜூலை 22-லே, இந்த வழக்கை விசாரிக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை என்று தீர்ப்பு. ஒன்பதுக்கு ஐந்து. ஒன்பதிலே ஒருத்தர் யார்? நீதிமன்றத்தின் தலைவர் மெக்நேர், ஒரு பிரிட்டிஷ்காரர்! சொந்த நாட்டுக்கு எதிராக ஓட்டுப் போட்டார். அந்த நீதிபதிக்கு இந்த மேடையிலிருந்து ஒரு கும்பிடு! (கைதட்டல்)

வெளிச்சத்திலே தோற்றவர்கள்தான் அப்புறம் இருட்டைத் தேடினார்கள்.

1952 நவம்பரிலே பிரிட்டிஷ் உளவுத்துறையின் வுட்ஹவுஸ் என்பவர் வாஷிங்டன் போனார். "எங்க எண்ணெய் போச்சு, வந்து மீட்டுக் கொடுங்க" என்று கேட்டால் அமெரிக்கன் வருவானா? ஆகவே எண்ணெயைப் பின்னாலே தள்ளி, "ஈரான் கம்யூனிஸ்டுகள் கைக்குப் போகப்போகிறது" என்பதை முன்னாலே வைத்தார். இதை நான் சொல்லவில்லை. அவரே 1982-லே தம் நினைவு நூலிலே எழுதியிருக்கிறார். உள்ளே இருக்கிற சரக்கு எண்ணெய், மேலே ஒட்டின லேபிள் கம்யூனிசம்! எந்த அரசாங்கமாவது பெரிய லேபிளோடு ஒரு சரக்கைக் கொண்டு வந்தால், நம்ம வீட்டுப் பெண்கள் மளிகைக் கடையிலே பார்ப்பதுபோலத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

1953 ஜனவரியிலே அமெரிக்காவிலே ஐசனோவர் ஜனாதிபதி ஆனார். வெளியுறவுத்துறை அண்ணன் ஜான் பாஸ்டர் டல்லஸிடம். சி.ஐ.ஏ. தம்பி ஆலன் டல்லஸிடம். வெளியே தெரிகிற கையும் மறைவிலே இருக்கிற கையும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்! (சிரிப்பு)

இப்போது ரசீது. 1953 ஏப்ரல் 4. மொசாடெக்கை எந்த வழியிலாவது இறக்குவதற்கு 10 லட்சம் டாலருக்கு ஆலன் டல்லஸ் அனுமதி கொடுத்தார். மே 20. பாராளுமன்ற உறுப்பினர்களை விலைக்கு வாங்க வாரத்துக்கு சுமார் 11,000 டாலர். ஒரு பத்திரிகை முதலாளிக்கு 'கடன்' என்ற பேரிலே சுமார் 45,000 டாலர். இதெல்லாம் டீக்கடையிலே கேட்டதா? இல்லை! இந்தத் திட்டத்தை வகுத்ததிலே பங்குள்ள டொனால்ட் வில்பர் என்பவர், 1954-லே சி.ஐ.ஏ.வுக்காகவே எழுதி வைத்த குறிப்பு. 2000-லே 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகை அதை வெளியிட்டது. உலகத்தை ஆட்டிவைக்கிற மாயசக்தி என்று நினைக்கிறோம். அங்கே போய்ப் பார்த்தால், ஒரு குமாஸ்தா பற்று வரவு எழுதிக்கொண்டிருக்கிறார்!

களத்திலே இறங்கியவர் கெர்மிட் ரூஸ்வெல்ட். பழைய ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டின் பேரன். ஆகஸ்ட் 15 ராத்திரி, மொசாடெக்கைப் பதவி நீக்கும் ஷாவின் உத்தரவை ஒரு கர்னல் கொண்டு போனார். என்ன ஆச்சு? கொண்டு போனவரையே பிடித்து உள்ளே போட்டுவிட்டார்கள். ஷா பாக்தாத்துக்கு ஓடி, அங்கிருந்து ரோம் போய்ச் சேர்ந்தார். வாஷிங்டனிலிருந்து, "தோற்றுவிட்டது, நிறுத்திக்கொள்ளுங்கள்" என்கிற தோரணையிலே செய்தி. ஆனால் ஆகஸ்ட் 19 அன்று டெஹ்ரான் தெருவிலே கூட்டம் திரண்டது. காசு வாங்கி வந்தவர்களும் இருந்தார்கள், உண்மையிலே கோபத்தோடு வந்தவர்களும் இருந்தார்கள். ராணுவத்தின் டாங்கிகள் சேர்ந்தன. மொசாடெக்கின் வீடு தாக்கப்பட்டது. அன்றைக்குச் செத்தவர்கள் சுமார் 300 பேர் என்று சொல்கிறார்கள். மூன்று வருஷம் சிறை. அப்புறம் அகமதாபாத் என்கிற கிராமத்திலே வீட்டுக்காவல். 1967-லே டெஹ்ரான் மருத்துவமனை ஒன்றிலே அவர் காலமானார்.

பங்கு பிரித்த கணக்கு 1954-லே வந்தது. பழைய கம்பெனிக்கு 40 சதவீதம். ஐந்து அமெரிக்கக் கம்பெனிகளுக்குத் தலைக்கு எட்டு வீதம் 40. ஷெல்லுக்கு 14. பிரெஞ்சுக் கம்பெனிக்கு 6. கூட்டிப் பாருங்கள், நூறு சரியாக வரும்! லாபத்திலே பாதி ஈரானுக்கு என்றார்கள். ஆனால் கணக்குப் புத்தகம்? அப்போதும் ஈரான் தணிக்கைக்காரர்களுக்குத் திறக்கவில்லை. எந்தப் பூட்டுக்காகச் சண்டை வந்ததோ, அந்தப் பூட்டு அப்படியே தொங்கியது.

நடுவர் அவர்களே, இங்கே எதிரணிச் சகோதரிக்கு ஒரு உண்மையை நானே ஒத்துக்கொள்கிறேன். வெளியிலே இருந்து வந்தது பணம். அதை வாங்கின கை உள்ளூர்க் கை. தளபதிகள், உறுப்பினர்கள், பத்திரிகைக்காரர்கள், கூடவே இருந்து பிரிந்துபோன பழைய கூட்டாளிகள். மொசாடெக்கும் தப்புச் செய்தார். 1953 ஆகஸ்டிலே பாராளுமன்றத்தைக் கலைக்க மக்கள் ஓட்டு நடத்தினார். 'ஆம்' போடுகிறவனுக்கு ஒரு இடம், 'இல்லை' போடுகிறவனுக்கு வேறொரு இடம். 'இல்லை' என்கிற பக்கம் நடந்து போக யாருக்குத் துணிச்சல் வரும்? 99 சதவீதத்துக்கு மேலே 'ஆம்'! கணக்கைக் காட்டு என்று கேட்ட மனிதர், ஓட்டின் ரகசியத்தைக் காப்பாற்றாமல் விட்டார். வீட்டுக்குள்ளே விரிசல் இருந்தால்தான் வெளிக்கை நுழைய முடியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரசீது இல்லாத சதிக்கதை எவ்வளவு கொடியது தெரியுமா? யூதர்கள் கூடி உலகத்தை ஆளத் திட்டம் போட்டார்கள் என்று ஒரு புத்தகம் பரவியது. 1921-லேயே லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகை, 1864-லே வந்த வேறொரு நூலைத் திருடி ஒட்டிய மோசடி அது என்று நிரூபித்தது. யாராவது கேட்டார்களா? ஹிட்லரின் கட்சி அதையே பிரசாரமாக்கியது. அந்த வெறுப்பு எங்கே கொண்டுபோய் விட்டது என்று உலகத்துக்கே தெரியும். உண்மைச் சதியிலே பெயர் இருக்கும், தேதி இருக்கும், தொகை இருக்கும். பொய்ச் சதியிலே ஒரு இனம் இருக்கும், ஒரு மதம் இருக்கும், 'அவங்க எல்லாரும் அப்படித்தான்' என்கிற வார்த்தை இருக்கும். இந்த வித்தியாசத்தை நம்ம பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்காமல் விட்டால் பாவம்!

நிஜமான சதிதான் பொய்ச் சதிக்கும் விதை போடுகிறது. ஈரானிலே 1973-லே 'நெப்போலியன் மாமா' என்கிற நாவல் வந்தது. எழுதியவர் இராஜ் பெசெஷ்க்ஜாத். வீட்டிலே எது நடந்தாலும் "இது இங்கிலீஷ்காரன் சதி" என்கிற ஒரு பெரியவர்தான் அதிலே நாயகர். எங்க பெரியப்பாவுக்கு டெஹ்ரானிலே ஒரு சகோதரர்! (சிரிப்பு) ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் அந்தச் சிரிப்புக்கு அடியிலே 1953 இருக்கிறது. ஒரு தடவை வீட்டிலே திருடன் வந்துவிட்டால், அப்புறம் பூனை நடந்தால்கூடத் திருடன்தான்.

1979-லே புரட்சி வந்தது, ஷா ஓடினார். அக்டோபரிலே சிகிச்சைக்காக அவரை அமெரிக்கா உள்ளே விட்டது. "மறுபடியும் 1953 தானா?" என்கிற பயம் கிளம்பியது. நவம்பரிலே மாணவர்கள் அமெரிக்கத் தூதரகத்தைப் பிடித்தார்கள். 52 பேர் 444 நாள் கைதிகளாக இருந்தார்கள். 26 வருஷத்துக்கு முன்னாலே யாரோ போட்ட கையெழுத்துக்கு, சம்பந்தமில்லாத குடும்பங்கள் கண்ணீர் விட்டன. ஷாவின் முடிவைக் கேளுங்கள். சதியாலே சிம்மாசனம் திரும்பப் பெற்ற அவர், "மேற்கு நாட்டாரும் எண்ணெய்க் கம்பெனிகளும் சேர்ந்து என்னைக் கவிழ்த்துவிட்டார்கள்" என்கிற சந்தேகத்தோடே 1980-லே கெய்ரோவிலே கண்ணை மூடினார். சதி யாருக்கு உதவியதோ, அவருக்கே கடைசியிலே நிம்மதி கொடுக்கவில்லை!

சி.ஐ.ஏ. இந்த விவகாரத்துக் கோப்புகளிலே பெரும்பகுதியை 1960-களிலே அழித்துவிட்டது என்று 1997-லே தெரிந்தது. ஆனாலும் மிச்சம் இருந்த காகிதம் பேசியது. 2013 ஆகஸ்டிலே, தன் திட்டம்தான் அது என்று சி.ஐ.ஏ.வின் ஆவணமே ஒத்துக்கொண்டு வெளியே வந்தது. சரியாக 60 வருஷம். ஒரு மனிதனுக்குச் சஷ்டியப்தபூர்த்தி ஆகிற காலம்! உண்மை வந்தபோது, ஏமாந்தவர்களிலே பெரும்பாலோர் இல்லை, ஏமாற்றியவர்களும் இல்லை.

ஆகவே நடுவர் அவர்களே, உலக அரசியலிலே மறைவான கை உண்டு, அது வலிமையான கை என்று தீர்ப்புச் சொல்லுங்கள். ஆனால் கூடவே இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அது சாமியும் இல்லை, பேயும் இல்லை. சம்பளம் வாங்குகிற, கையெழுத்துப் போடுகிற, ஒரு தடவை தோற்று மறு தடவை ஜெயிக்கிற மனிதக் கை. 'எல்லாம் மேலே இருக்கிறவன் ஆட்டுவிக்கிறான், நாம என்ன செய்ய முடியும்' என்று நாம் சோர்ந்து உட்கார்ந்தால், அதுதான் அந்தக் கைக்குக் கிடைக்கிற பெரிய பரிசு.

எங்க வீட்டிலே மாசம் முதல் தேதி சம்பளத்தை வீட்டம்மாவிடம் கொடுப்பேன். மாசக் கடைசியிலே அவங்க நோட்டைத் திறந்து காட்டுவாங்க. ஒரு மாசம் நான்தான் நூறு ரூபாய்க்குக் கணக்குச் சொல்ல முடியாமல் முழித்தேன். அவங்க ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாங்க: "எங்கே போச்சு?" (சிரிப்பு) அந்தக் கேள்விக்கு முன்னாலே எந்த ரகசியமும் நிற்காது. எண்ணெய் என்றாலும், மணல் என்றாலும், தண்ணீர் என்றாலும், பூமிக்கு அடியிலே இருக்கிற எதுவென்றாலும், யார் கையெழுத்துப் போட்டது, எத்தனை வருஷத்துக்கு, எவ்வளவு வந்தது, எங்கே போச்சு என்று நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பதில் வராத இடத்திலே மறைவான கை இருக்கிறது!